பழைய கார் பேட்டரி: மீட்டெடுக்கலாமா, மாற்றிவிடலாமா?

கார் பேட்டரி படுத்துவிட்டது என்று வாயைத் திறந்தாலே இரண்டு விதமான யோசனை வந்து விழும். "எதற்கு வம்பு, புதுசு போட்டுவிடு" என்பார் ஒருவர். "உப்பைக் கரைத்து ஊற்றிச் சார்ஜ் ஏற்று, இன்னும் இரண்டு வருஷம் ஓடும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே உங்கள் பேட்டரியைப் பார்க்காமல் சொல்கிறார்கள். பேட்டரிக்கு எத்தனை வயது என்பதைவிட, அது எப்படிப் படுத்தது என்பதுதான் இங்கே பெரிய கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டாமல் நிறுத்தி வைத்த காரில் சார்ஜ் இறங்கி, அப்படியே சில வாரங்கள் கிடந்த பேட்டரியை வீட்டிலேயே மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. தினமும் ஓடி, நாலைந்து வருஷம் உழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துபோன பேட்டரியை எந்த வைத்தியமும் தூக்கி நிறுத்தாது. மீட்கத் தக்கது என்று தெரிந்தால், குறைந்த ஆம்பியரில் நிதானமாகச் சார்ஜ் ஏற்றுவதுதான் முதல் வழி. மற்றவை எல்லாம் அதற்கு அடுத்த படிதான். சில பக்கமே போகக் கூடாதவை.

உள்ளே என்ன நடக்கிறது

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். ஒவ்வொரு செல்லிலும் ஈயத் தகடு, ஈய டையாக்சைடு பூசிய தகடு, நடுவே நீர் கலந்த கந்தக அமிலம். பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே 1859-இல் செய்து காட்டிய அதே வேதியியல்தான் இன்றும் ஓடுகிறது. மின்சாரத்தை எடுக்க எடுக்க இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படிகிறது, ஆசிட் நீர்த்துக்கொண்டே போகிறது. சார்ஜ் ஏற்றினால் படிந்தது கரைந்து, ஆசிட் பழைய அடர்த்திக்குத் திரும்புகிறது.

அன்றைக்கு இறங்கிய சார்ஜை அன்றைக்கே ஏற்றிவிட்டால் தொல்லையில்லை. புதிதாகப் படியும் சல்ஃபேட் மிக நுண்ணிய படிகங்களாக இருக்கும், சட்டென்று கரையும். சார்ஜ் இல்லாமல் வாரக்கணக்கில் போட்டுவைத்தால் சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். பொடிச் சர்க்கரை நொடியில் கரைகிறது, கற்கண்டு கரைய நேரம் பிடிக்கிறது அல்லவா, அதே கதைதான். மேல்பரப்பு குறைந்துபோன பெரிய படிகம் லேசில் கரையாது. போதாக்குறைக்கு அது மின்சாரத்தையும் கடத்தாது. இதைத்தான் சல்ஃபேஷன் என்கிறார்கள். வீட்டில் நாம் சரிசெய்யக்கூடியது இது ஒன்றுதான், அதுவும் முற்றிப்போகாமல் இருந்தால்.

மற்ற கோளாறுகள் வேறு ரகம். பாசிட்டிவ் தகட்டின் ஈயச் சட்டம் வருஷக்கணக்கில் அரித்துப் பலமிழக்கும். தகட்டில் பூசிய பொருள் உதிர்ந்து அடியில் சேறாகத் தங்கும். அந்தச் சேறு மேலெழும்பித் தகடுகளைத் தொட்டால் செல் ஷார்ட் ஆகும். செல்களை இணைக்கும் ஈயப் பட்டை அதிர்வில் விரிசல் விடும். வெப்பம் இதையெல்லாம் விரைவுபடுத்தும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பழகிய கணக்கு. உதிர்ந்த பூச்சைத் தகட்டில் திரும்ப ஒட்டவைக்க எந்தச் சார்ஜராலும் முடியாது.

பிரித்தறிவது எப்படி

முதலில் கோளாறு பேட்டரியில்தானா என்று பாருங்கள். சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காமல் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வருவதற்கு டெர்மினல் பூத்துப்போயிருப்பதும் காரணமாக இருக்கலாம். வெள்ளையும் பச்சையுமாகப் படிந்திருக்கும் அந்தப் பொடியின் மேல், ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து ஊற்றி, பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். செல் மூடிகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், அந்தச் சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. ஒயரைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

அப்புறம் மல்டிமீட்டர். கார் நின்று நாலைந்து மணி நேரமாவது ஆன பிறகு அளக்க வேண்டும், ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் கூடுதலாகக் காட்டும். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் என்றால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12 என்றால் கால் பங்குதான் மிச்சம். சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 வோல்ட்டைச் சுற்றியே நின்றால் ஒரு செல் முழுதாகப் போய்விட்டது என்று அர்த்தம், ஆறில் ஐந்துதான் வேலை செய்கின்றன. அந்தப் பேட்டரியைப் பற்றி இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. அதற்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருந்தால், ஆறு செல்லுக்கான மின்னழுத்தம் ஐந்து செல்லின் தலையில் விழுந்து அவை கொதித்து வாயுவைக் கக்கும்.

இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால், ஓட்டத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் தன் வேலையைச் செய்கிறது. புதிய கார்கள் சிலவற்றில் கணினியே இதைக் கூட்டிக் குறைக்கும் என்பதால் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம். எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிய பிறகும் கார் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தால் எங்கேயோ கசிவு இருக்கிறது. 50 மில்லி ஆம்பியர் என்பதே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி மூன்று வாரத்துக்குள் பாதியாக இறங்கிவிடும். இதைச் சரிசெய்யாமல் பேட்டரியை மட்டும் மீட்டாலும், புதிதே வாங்கினாலும், அடுத்த மாதம் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள்.

மூடி திறக்கும் வகைப் பேட்டரியாக இருந்தால், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைப் போல உண்மை சொல்லும் கருவி வேறு இல்லை. விலையும் அற்பம். ரப்பர் குமிழை அழுத்தி, முனையைச் செல்லுக்குள் விட்டு, மெதுவாக உறிஞ்சினால் கண்ணாடிக் குழாய்க்குள் ஆசிட் ஏறி மிதவை எழும்பும். மிதவை குழாயின் பக்கவாட்டில் ஒட்டாமல் நிற்க வேண்டும், கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தண்ணீரின் அடர்த்தியை 1000 என்று வைத்தால், முழுச் சார்ஜில் 1265 முதல் 1280 வரை இருக்கும் (வெப்ப நாடுகளுக்கென்று செய்யும் பேட்டரிகளில் இது சற்றுக் குறைவு). 1190 என்றால் பாதி. 1120 என்றால் காலி.

ஆறு செல்லையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள். ஆறும் ஒன்றுபோல 1150 பக்கம் இறங்கியிருந்தால் அது பட்டினி கிடந்த பேட்டரி, நம்பிக்கை உண்டு. ஐந்து செல் 1240 காட்டி, ஒன்று மட்டும் 1130-இல் கிடந்தால் அந்தச் செல்லில் கோளாறு. செல்லுக்குச் செல் 50 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்து, சார்ஜ் ஏற்றிய பிறகும் அது குறையவில்லை என்றால் விட்டுவிடுவது நல்லது. உறிஞ்சிய ஆசிட்டின் நிறத்தையும் பாருங்கள். தெளிவாக இருந்தால் சரி. பழுப்பாகக் கலங்கி வந்தால் தகட்டின் பூச்சு உதிர்ந்து மிதக்கிறது. இந்த ஒரு பார்வையில் பல நாள் வீண் உழைப்பு மிச்சமாகும்.

நிதானமான சார்ஜ்

இதற்கு வேண்டியது ஒரு சாதாரணச் சார்ஜர், டிஸ்டில்ட் வாட்டர், காற்றோட்டமான இடம், இரண்டு மூன்று நாள் பொறுமை. தகடுகள் ஆசிட்டுக்கு மேலே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். குறி வரைக்கும் நிரப்புவது சார்ஜ் ஏறிய பிறகுதான், ஏனென்றால் சார்ஜ் ஏற ஏற மட்டம் உயர்ந்து வழியும். குழாய்த் தண்ணீர் கூடாது. அதிலுள்ள குளோரைடும் இரும்பும் தகட்டைக் கெடுக்கும். புது ஆசிட்டும் கூடாது, அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வழக்கமான சார்ஜுக்குப் பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் போதும், 45 ஆம்பியர்-மணிக்கு 4.5 ஆம்பியர். சல்ஃபேஷன் பிடித்த பேட்டரிக்கு அதையும் குறைத்து 1 அல்லது 2 ஆம்பியரில் வைக்க வேண்டும். கெட்டிப்பட்ட படிகம் தன் வேகத்தில்தான் கரையும். வேகமாகத் திணித்தால் அந்த மின்சாரம் தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கவும் பேட்டரியைச் சூடாக்கவுமே செலவாகும்.

அம்மீட்டரைக் கவனித்தால் உள்ளே நடப்பது ஓரளவு புரியும். மின்னழுத்தத்தை 14.4 வோல்ட்டில் நிறுத்தி வைத்தால், மோசமாக சல்ஃபேட் ஆன பேட்டரி முதலில் ஒன்றுமே வாங்காது. முள் 0.1 ஆம்பியரில் படுத்துக் கிடக்கும். பலர் இங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். விட்டுவைத்தால் சில மணி நேரத்தில் 0.3, அப்புறம் 0.8, மறுநாள் 1.5 என்று ஏறத் தொடங்கும். நல்ல பேட்டரியில் நேரம் போகப் போக ஆம்பியர் குறையும். இங்கே அது கூடுகிறது என்றால் தகடுகள் திறந்துகொள்கின்றன என்று பொருள். ஒரு முழு நாள் ஆகியும் முள் அசையவில்லை என்றால் அந்தப் பேட்டரியிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

நன்றாக ஏறிய பிறகு ஒரு முறை அளவாக இறக்கி, மீண்டும் ஏற்றினால் இன்னும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் போவதில் பெரிய லாபமில்லை. கார் பேட்டரி ஆழமாக இறக்குவதற்கென்று செய்ததல்ல, ஒவ்வொரு முறை முழுசாக இறக்கும்போதும் அதன் ஆயுளில் கொஞ்சம் போகிறது.

இந்த வழியின் குறை நேரம்தான். கார் மூன்று நாள் நிற்க வேண்டும், இடையிடையே போய்ப் பார்க்க வேண்டும். கெடுதல் செய்யும் வாய்ப்பு மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவு என்பதால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

தானியங்கிச் சார்ஜர்கள்

'ரிப்பேர்', 'ரீகண்டிஷன்' என்று பொத்தான் வைத்த சார்ஜர்கள் மேலே சொன்னதையே தாமாகச் செய்கின்றன. சில அதிக மின்னழுத்தத்தில் குறைந்த மின்சாரம் தரும், சில துடிப்புத் துடிப்பாகத் தரும். அந்தத் துடிப்பு தனியாக எவ்வளவு படிகத்தைக் கரைக்கிறது, கூடவே பொறுமையாக ஏறும் சார்ஜ் எவ்வளவு கரைக்கிறது என்று பிரித்துச் சொல்வது சுலபமல்ல. பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பி அதற்காகவே அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நேரத்துக்குத் தானே நிறுத்திக்கொள்ளும், பேட்டரி வகைக்கு ஏற்ப மின்னழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் என்பதற்காக இது வாங்கத் தக்க பொருள்தான். ஏஜிஎம் பேட்டரி (ஆசிட்டைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சி மூடி வைத்த வகை) வைத்திருப்பவர்களுக்கு இதுவே சரியான வழி.

ஒரு சிக்கல் உண்டு. மிகவும் இறங்கிப்போன பேட்டரியை இந்தச் சார்ஜர்கள் பல நேரம் ஏற்றுக்கொள்வதே இல்லை, பிழை விளக்கைக் காட்டி நின்றுவிடும். அப்போது சாதாரணச் சார்ஜரில் ஓரிரு மணி நேரம் போட்டுக் கொஞ்சம் தூக்கிவிட்டு, பிறகு இதில் மாட்ட வேண்டும். பேட்டரியோடு நிரந்தரமாக மாட்டிவைக்கும் சின்னத் துடிப்புப் பெட்டிகளும் விற்கின்றன. அவற்றில் பல, பேட்டரியிடமிருந்தே மின்சாரம் எடுத்து ஓடுபவை. சார்ஜர் இல்லாமல் அதை மட்டும் மாட்டினால் இருக்கிற சார்ஜும் இறங்கும்.

மின்னழுத்தத்தை உயர்த்திச் சார்ஜ் ஏற்றுவது

பிடிவாதமான சல்ஃபேஷனுக்கும், ஆசிட் அடுக்கு அடுக்காகப் பிரிந்துபோன பேட்டரிக்கும் இது நிஜமாகவே பலன் தரும். குறுந்தூர ஓட்டத்திலேயே காலம் தள்ளும் காரில் அடர்த்தியான ஆசிட் அடியில் தங்கி, மேலே நீர்த்துப்போய் நிற்கும். 15.5 முதல் 16 வோல்ட் வரை ஏற்றி, மின்சாரத்தை 1 அல்லது 2 ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தினால் எல்லாச் செல்லும் குமிழி விடத் தொடங்கும். அந்தக் குமிழிகளே ஆசிட்டைக் கலக்கிவிடும். டார்ச் அடித்து எட்ட நின்று பார்த்தால் ஐந்து செல்லில் நுரைபோலக் குமிழிகள் எழும்ப, ஒன்றில் மட்டும் தண்ணீர் அசையாமல் நிற்பது சில நேரம் தெரியும். அந்தச் செல் ஷார்ட் ஆகியிருக்கிறது. உடனே நிறுத்திவிடலாம்.

இதில் உள்ள ஆபத்தைக் கணக்காகவே சொல்கிறேன். பேட்டரி நிறைந்த பிறகு ஏறும் ஒவ்வோர் ஆம்பியர்-மணிக்கும் ஒரு செல் ஏறக்குறைய 0.42 லிட்டர் ஹைட்ரஜன் விடுகிறது. ஆறு செல்லுக்கு 2.5 லிட்டர். 2 ஆம்பியரில் 8 மணி நேரம் என்றால் 40 லிட்டர். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். 40 லிட்டர் என்பது ஒரு கன மீட்டர் காற்றை அந்த நிலைக்குக் கொண்டுவரப் போதும். அதனால் மூடிய அறையில் இதைச் செய்யவே கூடாது. கிளிப்பை மாட்டுவதும் கழற்றுவதும் சார்ஜரை அணைத்த பிறகுதான், பொறி பறப்பது அந்த இடத்தில்தான். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ரப்பர் கையுறையும் வேண்டும். கண்ணில் ஆசிட் தெறித்தால் 15 நிமிஷமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

பேட்டரியைக் காரிலிருந்து கழற்றித்தான் இதைச் செய்ய வேண்டும், 16 வோல்ட்டைக் காரின் மின்னணுப் பாகங்கள் தாங்காது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஹைட்ரோமீட்டர் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை ஏறாமல் அப்படியே நின்றால் முடிந்தது. தொட முடியாத சூடு, புடைத்த பக்கங்கள், அழுகிய முட்டை வாடை, இதில் எது வந்தாலும் அணைத்துவிட்டு விலகிவிட வேண்டும். மூடி திறக்க முடியாத ஏஜிஎம், ஜெல் பேட்டரிகளுக்கு இந்த வழி கிடையாது. அவற்றில் போன நீரைத் திரும்ப ஊற்ற இடமில்லை, உள்ளே காய்ந்துபோகும்.

உப்பு, ஆஸ்பிரின், புது ஆசிட்

அதிகம் பரவியிருக்கும் யோசனைகள் இவைதான். இவற்றைப் பற்றித்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன்.

எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்ஃபேட். நம் சிக்கலோ, ஈய சல்ஃபேட் கரையாமல் கிடப்பது. ஏற்கெனவே சல்ஃபேட் நிறைந்த திரவத்தில் இன்னும் சல்ஃபேட்டைக் கொட்டினால் ஈய சல்ஃபேட்டின் கரைதிறன் கூட வழியில்லை, வேதியியல் அதற்கு எதிர்த் திசையைத்தான் காட்டுகிறது. பின்னே ஏன் "எனக்கு வேலை செய்தது" என்கிறார்கள்? உப்பைக் கரைத்தால் திரவத்தின் அடர்த்தி கூடும், ஹைட்ரோமீட்டர் மேலே ஏறிக் காட்டும். உப்பு போட்டவர்கள் எப்படியும் அதன் பிறகு ஒன்றிரண்டு நாள் மெதுவாகச் சார்ஜ் போடுகிறார்கள். பலன் தந்தது அந்தச் சார்ஜ், பெயர் வாங்கியது உப்பு.

இது இன்று நேற்று வந்த வாதமும் இல்லை. அமெரிக்காவில் சோடியம் சல்ஃபேட்டும் மக்னீசியம் சல்ஃபேட்டும் கலந்த ஏடி-எக்ஸ்2 என்ற பொடி, பேட்டரியின் ஆயுளை நீட்டும் என்று விற்பனைக்கு வந்தது. அரசின் தேசிய தர நிர்ணய அமைப்பு சோதித்துப் பார்த்து, பலன் ஒன்றும் இல்லை என்றது. 1953-இல் அந்த அமைப்பின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் சொல்லும் அளவுக்கு விவகாரம் முற்றியது. விஞ்ஞானிகள் கொதித்தெழுந்த பிறகு அவர் பதவியில் நீடித்தார். அதே ஆண்டு தேசிய அறிவியல் கழகத்தின் குழுவும் அந்தப் பொடியால் பயனில்லை என்று சொன்னது. ஒரு தேசத்தின் தலைசிறந்த ஆய்வுக்கூடம் மெனக்கெட்டுச் சோதித்த விஷயத்தை இன்னும் நாம் கரண்டிக் கணக்கில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும். சில ஆலைகள் ஆசிட்டில் சிறிதளவு சோடியம் சல்ஃபேட் சேர்ப்பது உண்டு. அது பேட்டரி மிகவும் இறங்கும்போது தகடுகளுக்கு இடையே ஈயம் வளர்ந்து ஷார்ட் ஆகாமல் தடுப்பதற்கு. கெட்டிப்பட்ட படிகத்தைக் கரைப்பதற்கல்ல.

ஆஸ்பிரின் இன்னும் மோசம். ஆசிட்டில் அது சிதைந்து அசெட்டிக் அமிலம் உண்டாகும், அது ஈயத்தை அரிக்கும். அவசரத்துக்கு ஒரு முறை வண்டி கிளம்பலாம், தகடு கொடுக்கும் விலை பெரிது. சமையல் சோடாவை உள்ளே போட்டால் ஆசிட்டே செத்துவிடும், அதன் இடம் டெர்மினலுக்கு வெளியேதான்.

புது ஆசிட் ஊற்றுவது பார்வைக்கு நியாயமாகத் தெரியும், ஹைட்ரோமீட்டர் குறைவாகக் காட்டுகிறதே, ஆசிட் போதவில்லை போலிருக்கிறது என்று. குறைந்த அந்த ஆசிட் எங்கும் போகவில்லை, சல்ஃபேட்டாகத் தகட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. மேலே புதிதாக ஊற்றினால், சார்ஜ் ஏறும்போது தகட்டிலிருந்தும் அது திரும்பி வந்து, ஆசிட் அளவுக்கு மீறிக் காரமாகித் தகட்டை அரிக்கும். பேட்டரி கவிழ்ந்து ஆசிட் கொட்டிப்போனால் மட்டுமே ஆசிட் ஊற்றலாம். பழைய ஆசிட்டைக் கவிழ்த்துக் கழுவி ஊற்றும் முறையில் ஈயம் கலந்த ஆசிட் வீட்டுத் தரையிலும் மண்ணிலும் போகிறது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் ஈயத்தோடு விளையாட எந்தச் சிக்கனமும் காரணமாகாது.

கடையில் மீட்டதும், புதியதும்

பிறர் மீட்டெடுத்து விற்கும் பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் சொந்தப் பேட்டரியின் வரலாறு உங்களுக்குத் தெரியும், அதனுடையது தெரியாது. அவர்கள் உங்கள் கண் முன்னே லோடு டெஸ்ட் (பேட்டரியிலிருந்து அதிக மின்சாரம் இழுத்துப் பார்க்கும் சோதனை) செய்து காட்டி, எழுத்தில் உத்தரவாதமும் தந்தால் யோசிக்கலாம்.

புதிய பேட்டரி வாங்குவது தோல்வியில்லை, பல நேரம் அதுவே சிக்கனம். பலவீனமான பேட்டரியை வைத்துக்கொண்டு ஓட்டினால் ஆல்டர்நேட்டர் எந்நேரமும் முழு மூச்சில் உழைக்க வேண்டியிருக்கும். மின்னழுத்தம் இறங்கும்போது புதிய கார்களில் சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரியும். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், கடை அலமாரியில் கிடக்கும் பேட்டரியும் மெல்ல இறங்கிச் சல்ஃபேட் ஆகும். மீட்டர் வைத்து 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் வேறொன்றைக் கேளுங்கள். சிக்னலில் தானே அணைந்து கிளம்பும் வகைக் காருக்கு ஏஜிஎம் அல்லது இஎஃப்பி (பலப்படுத்திய திரவ ஆசிட் பேட்டரி) வகைதான் போட வேண்டும், சாதாரண வகை சீக்கிரம் படுத்துவிடும். சில கார்களில் புதிய பேட்டரியைக் கணினியில் பதிவு செய்யவும் வேண்டும்.

எந்த நிலைக்கு எது

மூன்று வயதுக்குட்பட்ட பேட்டரி, கார் நின்றதால் இறங்கியது, ஆறு செல்லும் ஒன்றுபோல் இருக்கின்றன என்றால் தயங்காமல் நிதானச் சார்ஜ். கேட்கவில்லை என்றால், மூடி திறக்கும் வகையாக இருந்து, திறந்தவெளியும் கருவியும் அனுபவமும் இருந்தால் உயர்ந்த மின்னழுத்தம். சார்ஜர் வாங்கும் செலவை இந்த ஒரு பேட்டரியின் கணக்கில் மட்டும் எழுத வேண்டாம். அடுத்த பேட்டரி இந்த நிலைக்கு வராமல் காப்பதும் அதே சார்ஜர்தான்.

ஐந்து வயதான பேட்டரி, தினமும் ஓடிய கார், செல்ஃப் மாதக்கணக்கில் மெதுமெதுவாகத் தளர்ந்தது என்றால் நேரே புதியது. இடைப்பட்ட வயதில் யோசனையாக இருந்தால், அந்தக் காரை நம்பி யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இரவு வேலைக்குப் போய்வருபவர், எந்நேரமும் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும் முதியவர் உள்ள வீடு என்றால் மீட்ட பேட்டரியை நம்பி விடக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை பக்கத்தில் போய்வரும் கார் என்றால் முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

எந்த வழியில் போனாலும் மீண்டுவிட்டதா என்று சோதிக்காமல் காரில் மாட்ட வேண்டாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு முழு நாள் சும்மா வையுங்கள். 12.6-இல் நின்றால் நல்லது. ஒன்றும் மாட்டாமலே 12.4-க்குக் கீழே இறங்கினால் உள்ளே கசிவு இருக்கிறது. அப்புறம் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றை மாட்டிப் பத்து மணி நேரம் எரியவிடுங்கள். அது ஏறக்குறைய 17 ஆம்பியர்-மணி எடுக்கும். அணைத்து ஒரு மணி நேரம் கழித்து அளக்கும்போது 45 ஆம்பியர்-மணி பேட்டரி 12.2-க்கு மேல் நின்றால் கொள்ளளவு பெருமளவு திரும்பியிருக்கிறது. பல்பு நடுவிலேயே மங்கிவிட்டால் அந்தப் பேட்டரிக்குக் காரில் இடமில்லை. தேறியதை மறுபடி முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் காரில் மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ஒருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அந்த நொடிகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது.

தேறாத பேட்டரியை வீட்டு மூலையில் போட்டு வைக்காதீர்கள், உடைத்து ஈயம் எடுப்பவரிடமும் கொடுக்காதீர்கள். புதியது வாங்கும் கடையிலேயே எடையோ எண்ணிக்கையோ பார்த்துப் பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள், அங்கிருந்து அது முறையான உருக்காலைக்குப் போக வழியுண்டு. கொண்டுபோகும்போது டெர்மினல் இரண்டிலும் டேப் ஒட்டி, சாய்க்காமல் நேராக நிறுத்தி, அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.